அடுத்த மாதச் சனிக்கிழமைகள்

கரும்பலகையைத் துடைத்துக் காயவிட்டிருக்கிறேன்.
ஈரத்தில் எழுதினால் அப்போது தெரியாது,
மதியத்துக்கு மேல்
எழுத்தெல்லாம் திடீரென்று வெளுத்துக் கத்தும்.

காரைக்குடி, செக்காலை ரோடு.
ஜெராக்ஸ் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
பத்துக்கு இருபது அடி.
டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
என் அலமாரி முன் நிற்பார்கள் நோயாளிகள்.
சிலர் வாங்கவும் செய்கிறார்கள்.
பெரும்பாலும் கவிதை.

தேதி 6.
கவிஞர் நிறைமதி, மாலை ஐந்தரை.
போனில் கேட்டார், எத்தனை பேர் வருவார்கள்?
இருபது என்றேன்,
டீ கொண்டுவரும் ஜாகிரையும்
பல் மருத்துவரின் கம்பவுண்டரையும் சேர்த்து.
கொஞ்சம் யோசித்துவிட்டு
“எங்க ஊர்ல பதினொண்ணு” என்றார்.
அப்போதே பிடித்துப்போயிற்று.

தேதி 13.
ரோஸ்லின் சந்தியாகு.
வெள்ளி இரவு பல்லவனில் வந்து இறங்குவார்.
செருப்பு வாங்கப் போன பூரானின் கதை.
குழந்தைகள் ஆளுக்கு
ஒற்றைச் செருப்பு கொண்டுவர வேண்டுமாம்.
எழுதுகிறேன்.
மறு செருப்போடு வீட்டில் நிற்கும் தாய்மார்
என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

20, யாரும் இல்லை.
மின்தடை, ஒன்பது முதல் ஐந்து வரை.
பேப்பரில் ஐந்து என்றால் ஏழு என்று அர்த்தம்,
ரீடிங் எடுக்க வரும் ஈபி அண்ணன் சொன்னது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாசிக்கலாமே
என்று ஆசைப்பட்டார் ஒரு நாவலாசிரியர்.
நாலாயிரம் புத்தகத்துக்கு நடுவில்.
வேண்டாம் என்றுவிட்டேன்.

தேதி 27.
துப்பறியும் நாவல்கள் எழுதும் இருள்நம்பி.
புனைபெயர்தான், வேறென்ன.
ஆறு புத்தகம், எதிலும் படம் இல்லை.
தபாலில் ஒப்புக்கொண்டார்:
போட்டோ வேண்டாம், மேடை வேண்டாம்,
யாராவது வாசியுங்கள்,
நான் கூட்டத்தில் இருப்பேன்.
கையெழுத்துக்குக் கீழே தேதி.
அந்தத் தேதியில் ஒரு ஏழு,
இடுப்பில் சின்னக் குறுக்குக்கோடு.

எங்கோ பார்த்த ஏழு.

இரண்டு நாள் குடைந்தது.
வங்கிச் சலான், கூரியர் ரசீது, பாக்கி நோட்டு
எல்லாம் புரட்டினேன்.
மூன்றாம் நாள் ஃபியூஸ் போய்
சுவிட்ச் பெட்டியைத் திறந்தால்
ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டை:
4717. 4877. 5072.
ஒவ்வொரு ஏழுக்கும்
இடுப்பில் கோடு.

ஒன்பது வருஷம்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டார்ச்சோடு வருவார்.
“புதுசா என்ன வந்திருக்கு?”
பதிலுக்கு நிற்கமாட்டார், பெயரை நானும் கேட்டதில்லை.
அவர் போனபின்
ஒரு புத்தகம் மட்டும்
முதுகு காட்டாமல் முகம் காட்டி நிற்கும்.
ஃபேன் காற்று என்று நினைத்து
திருப்பி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மூன்றாவது நாவல் கானாடுகாத்தானில் தொடங்கும்.
பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு,
சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில்,
மீட்டர் மட்டும்
முந்நூறு யூனிட் ஓடியிருக்கும்.
இதை வேறு யார் யோசித்திருக்க முடியும்?
இரண்டு தடவை படித்தவள் நான்.
கொலைகாரனைக் கண்டுபிடித்தேன்,
பாதியிலேயே.

பத்தாம் தேதி ரீடிங்குக்கு வருவார்.
எண்ணைக் குறிப்பார், கதவருகே பலகையைப் பார்ப்பார்.
நான் எதுவும் கேட்கப்போவதில்லை.
வாசிக்கப்போவது நான்தான்,
அந்த மீட்டர் அத்தியாயத்தை.
இருபத்தைந்து வாடகை நாற்காலி சொல்லியிருக்கிறேன்;
எதில் உட்காருவார் என்று
அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க
இப்போதே பழக வேண்டும்.

பலகை காய்ந்துவிட்டது.
இருள்நம்பி என்ற பெயரை
மற்றவர்களைவிடப் பெரிதாக எழுதவில்லை.
27 எழுதி
ஏழின் இடுப்பில் ஒரு கோடு போட்டேன்.

“அக்கா, ஏழு வெட்டுப்பட்டிருக்கு”
என்று துடைக்க வந்தான் ஜெராக்ஸ் கடைப் பையன்.

இருக்கட்டும் விடு என்றேன்.