வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

படகை வாங்க வந்த ஜெர்மன்காரன்
மெத்தையைத் தூக்கிப் பார்த்தான்.
அடியில் மூன்று காப்பி டப்பா,
மூன்றிலும் பாதி மழை.
"ஜன்னல்களை மாற்றுங்கள், அப்புறம் பேசலாம்."
காரில் ஏறிவிட்டான்.

அதனால்தான் இந்த மார்ச் குளிரில்
ஃப்ரீஸ்லாந்தின் மக்கும் என்ற ஊரில்
பதினான்கு மாதமாக வேறு வேறு வீட்டில் இருக்கும்
வீப்ரெனும் நானும்
மறுபடி ஒரே படகில்.

எழுபத்தொன்பதில் கட்டிய இரும்புப் படகு.
வாங்கும்போதே பின்புறம் 'கெடுல்ட்' என்று எழுதியிருந்தது.
பொறுமை என்று அர்த்தம்.
படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்றார்கள்,
விட்டுவிட்டோம்.

முதல் சட்டத்தைக் கழற்றவே அரை நாள்.
அலுமினியமும் எஃகுத் திருகும்
நாற்பது வருஷத்தில் ஒன்றையொன்று தின்று
எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் கிடந்தன.
சூடு காட்டினோம். நெம்பினோம்.
வீப்ரென் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
நான் அதைவிடக் கெட்டதாக ஒன்று.
வந்தது.

சட்டத்துக்குப் பின்னால்
எங்களுக்கு முன்பிருந்தவர்கள்:
மஞ்சள் பூச்சு, அதன்மேல் கறுப்பு,
அதன்மேல் வெள்ளைச் சிலிகான்.
எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சாம்பல் நிறத்தை
எனக்கு அடையாளம் தெரிந்தது.
அது நான். இரண்டாயிரத்துப் பதினாறு, ஆகஸ்ட்.
அவன் தீவில் வேலையாக இருந்தபோது
ஒரு டியூப் முழுக்கப் பிதுக்கி, விரலால் தடவி,
சரியாகிவிட்டது என்று போனில் சொன்னேன்.

அதை அவன் நகத்தால் கீறியெடுத்தான்.
"நல்லாத்தான் ஒட்டியிருக்கு" என்றான்.
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
வேறொன்றும் தெரியவில்லை.

தண்ணீர்
சொட்டும் இடத்தில் நுழைவதில்லை.
முன் ஜன்னலின் மேல்மூலையில் புகுந்து
பலகைக்கும் இரும்புக்கும் நடுவே நடந்து
அலமாரியைத் தாண்டி
என் தலைமாட்டில் வந்து சொட்டியிருக்கிறது.
ஆறு வருஷம் தலைமாட்டு ஜன்னலைத் திட்டினேன்.
பாவம், அது ஒரு துளியும் விட்டதில்லை.
முன்மூலைப் பிளைவுட்டில் விரல் வைத்தால்
டீயில் நனைத்த ரஸ்க் போலக் கையோடு வந்தது.

எட்டு ஓட்டைகளோடு மூன்று நாள் நின்றோம்.
ஒரு ஜன்னலும் இன்னொன்றின் அளவில் இல்லை,
ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை வெட்டி
கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருந்தோம்.
பக்கத்துப் படகு ஆவ்கே
ஓட்டை வழியாகத் தலையை நீட்டி
"வெனிலா ஒன்று" என்றார்.
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டு
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

ஜன்னல் பொருத்த இரண்டு பேர் வேண்டும்.
வெளியே ஒருவர் திருகைப் பிடிக்க,
உள்ளே ஒருவர் மரையை முடுக்க.
புதுக் கண்ணாடியில் நீலத் தாள் ஒட்டியிருந்ததால்
அவன் எனக்கு நிழல், நான் அவனுக்கு அதுவும் இல்லை.
இரண்டு தட்டு என்றால் முடுக்கு.
ஒரு தட்டு என்றால் நிறுத்து.
ஒரேயடியாக இறுக்கக் கூடாது,
உள்ளிருக்கும் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடும்.
ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு எட்டிப்பார்த்ததும் விட்டுவிட்டு
இரண்டு நாள் கழித்து வந்து
கால் சுற்று.
அந்தக் கால் சுற்றுக்காக
லேவார்டனிலிருந்து பஸ் பிடித்து வந்தேன்.
அவன் சூப் கொண்டுவந்திருந்தான்.
ஒரே ஸ்பூன்தான். மறந்துவிட்டானாம்.

கடைசியாகக் குழாய்ச் சோதனை.
நீலத் தாளை உரித்தாயிற்று.
அவன் வெளியே, பிளாஸ்டிக் கோட்டில்,
ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் அடிக்கிறான்.
நான் உள்ளே, டார்ச்சும் டிஷ்யூ தாளுமாக,
சட்டத்தின் ஓரமெல்லாம் ஒற்றிப் பார்க்கிறேன்.
காய்ந்த தாள். காய்ந்த தாள்.
முன்மூலையிலும் காய்ந்த தாள்.
கண்ணாடிக்கு அப்பால் என்னவோ கேட்கிறான்,
நீரில் அவன் வாய் நெளிகிறது.
ஒரு தட்டு தட்ட வேண்டும். விரலை மடக்கினேன்.
தண்ணீர் நன்றாக அடிக்கட்டும்,
இன்னும் கொஞ்சம் பார்த்துவிடலாம் என்றிருந்தது.

பிறகு தட்டினேன்.

ஜெர்மன்காரன் வியாழக்கிழமை வருகிறான்.
இஞ்சினைப் பற்றி
இதுவரை எதுவும் கேட்கவில்லை.