இரண்டு நிமிடம் நாற்பது நொடி

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த
கைபேசிக்குள் ஒரு தேவாலயம்.
திரையின் கீறல் சரியாக
மூன்றாவது பெரிய குழலின் மேல் ஓடுகிறது.
மற்றபடி அந்த ஆர்கனில் குறை எதுவும் இல்லை.

குரோனிங்கனுக்கு வடக்கே,
கடலிடம் கடன் வாங்கிய நிலத்தில்,
கால்வாய் மேல் ஒரு தூக்குப் பாலம்.
அதன் ஓரத்துக் கண்ணாடி அறையில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான்.
சம்பளச் சீட்டில் ரென்ஸ்கே டைக்கமா.
படகுக்காரர்களுக்கு வெறும் பாலம்.
"பாலம், பாலம், கேட்கிறதா?"

நேரில் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறேன்.
ஒரே முறை. உட்ரெக்டில். தூணுக்குப் பின்னால் இடம்.
முன்வரிசைத் தொப்பி ஒன்றுதான் அன்று பாடியது.
திரையில் அப்படியில்லை.
பாடகியின் கடைவாய்ப் பல் வரை எனக்குப் பழக்கம்.
மூச்சு எடுக்குமுன்
அவள் தோள் ஒரு நூல் ஏறுவதும்.
வயோலா ட காம்பாவைப் பால்வாளி போல
முழங்கால் நடுவே இடுக்கிக்கொள்ளும் கிழவர்,
ஆளைவிட நீண்ட தியோர்போவின் கழுத்து
பக்கத்து வயலின்காரியின் கொண்டையைத்
தொட்டுத் தொட்டு விலகுவது,
எத்தனை முறை பார்த்தாலும்
அதே இடத்தில் அவள் சிரிப்பை அடக்குவது.

சில இரவுகளில் இணைப்பு இழுக்கும்.
வட்டம் சுற்றும்.
அல்லேலூயாவின் 'லூ'வில்
வாய் குவித்தபடி சோப்ரானோ நிற்பாள்.
நானும் நிற்பேன்.
காத்திருக்கத்தானே எனக்குச் சம்பளம்.

அது மார்ச் மாத மூடுபனி.
ஆர்கன் வாசிப்பவரின் கால்களை மட்டும் காட்டும் காணொளி.
கறுப்புக் காலணி, இடது குதிகாலில் தேய்மானம்.
ஒரு குரல் சொன்னதை
இன்னொன்று பிடுங்கிக்கொண்டு ஓட,
மூன்றாவது குறுக்கே விழ,
நான்காவது காலடியில் கிடந்து
எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு
முதலிலிருந்து, மெல்ல, சொல்லத் தொடங்குகிறது.
மேஜைக்கடியில்
என் கம்பளிக் காலுறைகளும் நடந்துகொண்டிருந்தன.

வானொலி கரகரத்தது.
சரளை ஏற்றிய படகு, போலந்துக் குரல்.
"பாலம், பாலம். யாட்விகா பேசுகிறேன். திறக்கலாமா?"

நெம்புகோலில் கை போய்விட்டது.
பதினெட்டு வருஷத்தில்
காரணமின்றி யாரையும் நிறுத்தியதில்லை.
"இரண்டு நிமிடம் நாற்பது நொடி" என்றேன்.
"ஏன், மேலே வண்டியா?"
மேலே ஒரு முயல்கூட இல்லை.
பொய் தேட நேரமும் இல்லை,
கால்கள் படியிறங்கத் தொடங்கியிருந்தன.
ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்திக்
கைபேசிக்கு நேரே பிடித்தேன்.

விதிப்படி குற்றம்.
அந்த அலைவரிசையில் வேறு யார் யார்
விழித்திருந்தார்களோ.
நான் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை
அவரால் பேச முடியாது.
இயந்திரங்களுக்குச் சில நேரம்
நம்மைவிட நல்ல பழக்கம்.

பனிக்குள் பச்சையும் சிவப்பும்
அசையாமல் நின்றன.
படகின் உறுமல் தணிந்தது.
அவர்தான் தணித்திருக்க வேண்டும்.

கடைசியில் எல்லாக் குழல்களும் ஒன்றாக.
பிறகு அதை அந்தப் பழைய கட்டடம்
விழுங்க எடுத்துக்கொள்ளும் நேரம்.
அதற்குள் யாரோ இருமுவார்கள்.
பதிவில் எப்போதும் உள்ள இருமல்.
அது வராவிட்டால்
எனக்கு முடிந்த மாதிரி இருக்காது.

பொத்தானை விட்டேன்.
கரகரப்பு.
"வேகம் அதிகம்.
என் மைத்துனன் இதை நிதானமாக வாசிப்பான்."
சற்று விட்டு,
"இருமியது நீயா?"
"இல்லை."
"மார்புச் சளி. பார்க்கச் சொல். சரி, திற."

மணி அடித்தது, தடுப்பு இறங்கியது,
நாற்பது டன் சாலை எழுந்து
பனிக்குள் தலை மறைந்து நின்றது.
அடியில் சரளைக் குவியல்கள்
ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

பதிவேட்டில் எழுதினேன்:
3.12. படகு ஒன்று. தாமதம், மூடுபனி.

வெள்ளியன்று காலிப் படகோடு திரும்புவார்.
மெதுவாக வாசிக்கும் ஒருவரைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
இதுவரை கிடைத்த மூவரில்
ஒருவர்கூட இருமவில்லை.