முன்குழி, பின்குமிழ்

ஆதம்பாவாவின் செங்கல் வாடியில்
மண் வெட்டிய பெக்கோ
பன்னிரண்டடிக்குக் கீழே சாம்பல் களிக்குள்ளிருந்து
இதை மேலே கொண்டுவந்தது.
முதலில் போனது பொலிசுக்கு.
எலும்பு என்றால் இந்த ஊரில் அப்படித்தான்.

பிறகு ஆஸ்பத்திரி. சட்ட வைத்தியர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து
'மனிதருடையதல்ல' என்று ஒரு வரி எழுதி
கடித உறையில் போட்டு
சம்மாந்துறைக்கு, எங்கள் பீடத்துக்கு அனுப்பினார்.
உறையின் மேல் பெயரில்லை,
'ஆய்வுகூடம்' என்று மட்டும்.
நான்தான் ஆய்வுகூடம்.

ஈர்க்குக் குச்சியால் களியைக் குத்தி எடுத்தேன்.
நடுவில் ஒரு துவாரம் திறந்தது.
நரம்பு போன வழி.
பயத்தையும் பசியையும் வால் நுனிவரை
கொண்டுபோன வாய்க்கால்.
இப்போது அதற்குள்ளால் பார்த்தால்
மேசை லாம்பு தெரிகிறது.

மனிதனின் முள்ளந்தண்டென்பு
இரண்டு பக்கமும் தட்டை,
ரொட்டி அடுக்கினது போல, இடையிடையே மெத்தை.
இதற்கு மெத்தை இல்லை.
முன்னால் குழி. பின்னால் குமிழ்.
ஒன்றின் குமிழ் அடுத்ததன் குழிக்குள்,
கண்முழி கண்குழிக்குள் இருக்கிற நெருக்கத்தில்.
குமிழ் நேரே பின்னால் பார்க்கவில்லை,
கொஞ்சம் வானத்தைப் பார்க்கிறது.
அதற்கு முன் உடல் இடுப்புப் போல ஒடுங்குகிறது.
அந்த ஒடுக்கத்தில்தான் பிடித்தேன்:
ஓணானில்லை, அரணையில்லை,
உடும்புச் சாதி. வாலின் அடிப்பக்கம்.
பல்லியின் வாலென்பென்றால் நடுவே
உடைவதற்கென்றே ஒரு கோடு ஓடும்;
மூட்டில் அல்ல, எலும்பையே இரண்டாக்கித் தப்பும்.
இதில் கோடில்லை.
இந்தச் சாதி எதையும் விட்டுவிட்டு ஓடியதில்லை.

பழசா என்று பார்க்க நாக்கில் வைக்கவேண்டும்.
எனக்கு அன்று ஏழாம் நோன்பு.
கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம், கஞ்சி எல்லாம் முடிந்து
குசினிக் கதவைச் சாத்திவிட்டு
நாக்கு நுனியில் வைத்தேன்.
ஒட்டியது.
எடுக்கும்போது ஒரு நொடி விடவில்லை.
"என்னடி திங்கிறாய்?" என்றாள் ராத்தா.
"ஒண்டுமில்ல."

பற்றுச்சீட்டு வாங்க வந்த கொன்ஸ்டபிள்
தேத்தண்ணி ஆறும்வரை நின்று சொன்னார்:
செய்தி பரவின அன்று
வாடிக்கு இரண்டு பேர் வந்தார்களாம்.
கோளாவிலிலிருந்து பரிமளகாந்தி என்று ஒருத்தி,
ஒன்றும் கேட்காமல் வரம்பில் குந்தியிருந்தாளாம்.
சைக்கிளில் வந்த உதுமாலெவ்வை
ஒன்றே ஒன்று கேட்டாராம்:
"எந்தப் பக்கம் பாத்துக் கிடந்திச்சி?"

கையில் வைத்துத் திருப்புகிறேன்.
குழி இருக்கிற பக்கம் தலை.
ஒற்றை எலும்பு போதும், அதைச் சொல்லிவிடலாம்.
கிழக்கா மேற்கா என்பதை
மண்தான் வைத்திருந்தது.
மண்ணைப் பெக்கோ புரட்டிவிட்டது.

பதிவுப் புத்தகத்தில் எழுதினேன்:
உயிர்ச்சுவடு, ஒன்று.
நீளம் பதினொரு தசம் நாலு மில்லிமீற்றர்.
நரம்பு வில் முழுமை. மேல்முளை முறிந்தது,
முறிவு புதிது, பெக்கோவின் பல்.
வாலில் எத்தனையாவது என்று சொல்ல முடியாது.

மீதி நூற்றுச் சொச்சமும்
சூளைக்குப் போயிருக்கும்.
அந்த வாரத்துக் கல் முழுவதும்
நிந்தவூரில் ஒரு கலியாண மண்டபத்துக்கு
ஏற்றினதாக ஆதம்பாவா சொன்னார்,
நான் காசு கேட்க வந்தவள் போலப் பயந்துகொண்டு.

பெருநாள் கழிந்து அந்தப் பக்கம் போனேன்.
சுவர் நெஞ்சளவு எழும்பியிருந்தது,
பூச்சு இன்னும் பூசவில்லை.
பஸ் எடுக்கும்வரைக்கும்
ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்,
தலைப் பக்கத்திலிருந்தா வால் பக்கத்திலிருந்தா
என்று தெரியாமல்.