முப்பத்திரண்டு

பகலில் நான் செய்வது பல்.
மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை மாடி,
மூன்று மேசை, ஒரு சூளை.
யார் யார் வாயோ
பிளாஸ்டர் அச்சாக வந்து இறங்கும்.
பீங்கான் பொடியைத் தூரிகையில் தொட்டு
ஏ-டூ, ஏ-த்ரீ என்று
சிரிப்புகளுக்கு நிறம் பார்த்துக் கொடுப்பேன்.
நல்ல வெள்ளையாய் வேண்டும் என்பார்கள்.
வெள்ளைப் பல் என்று ஒன்று கிடையாது,
சொன்னால் கேட்பதில்லை.

இரவு பத்தரைக்கு மேல்
அதே கை, அதைவிடச் சின்னத் தூரிகை.
முத்தியால்பேட்டை இருதயநாதன்
பிசினில் அச்செடுத்து, பஞ்சில் பொதிந்து
கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான்:
நத்தை மேல் ஏறி வரும் ஒரு கவசக்காரி.
இறங்கி நின்றால் பாதம் முதல் கண் வரை
முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
ஒரு வாயில் எத்தனை பல்லோ அத்தனை.
இடுப்பில் ஏழு சாவி,
எந்த ஊர்ப் பூட்டுக்கு என்று
அவனுக்கும் தெரியவில்லை.

முதலில் முழுக்கக் கறுப்பு.
பிறகு மேலிருந்து மட்டும் ஒரு வெள்ளைத் தூவல்.
சூரியன் எங்கே நிற்கிறது என்று
பொம்மைக்குச் சொல்லிவைக்கிற வேலை அது.
அப்புறம் நீர்க்க இளக்கிய பழுப்பு
மடிப்பு மடிப்பாய்த் தானே ஓடித் தேங்கியது,
மழை வலுத்தால் கடலூரில்
எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று
தண்ணீருக்குத் தெரிகிற மாதிரி.

நத்தையின் உடம்புக்கு
ஐந்து நிறம் கலந்தும் சரிவரவில்லை.
துறைமுகத்தில் ஒரு காலை
கூடையில் கணவாய்,
செத்தும் நிறம் மாறிக்கொண்டிருந்தது.
குனிந்து குனிந்து படம் எடுத்தேன்.
“வாங்கலன்னா தள்ளிக்கம்மா.”
அரைக்கிலோ வாங்கினேன்.
அன்றைக்கு நிறமும் கிடைத்தது, குழம்பும்.

கண்ணுக்கு மூன்று நாள்.
கண் திறக்க நல்ல நேரம் பார்க்கவில்லை,
கரண்ட் இருக்கிற நேரம் பார்த்தேன்.
மூச்சை விட்டுவிட்டு, அடுத்ததை இழுக்காமல்,
இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கும் இடத்தில்
ஒரு புள்ளி.
முதல் நாள் மாறுகண்.
மறுநாள் பேயைக் கண்ட கண்.
மூன்றாம் நாள் என்னைத் தாண்டி
சமையலறை ஜன்னலைப் பார்த்தாள்.
பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து மேசைப் பரிமேலழகனிடம் காட்டினேன்.
“எவ்ளோக்குப் போவும்?”
போகாது.
“போட்டிக்கா?”
இல்லை.
“சாமியா?”
நத்தையில் எந்தச் சாமி வரும்?
தலையை ஆட்டிக்கொண்டே
பல்லுக்கு வைக்கிற லென்ஸை எடுத்துவைத்தான்.
டீ ஆறி ஆடை கட்டியது.
“ஏழாவது சாவிக்கு மட்டும் ஏன் துரு?”
அது தெரிந்ததே,
எனக்கு அன்றைக்கு அது போதும்.

ஐப்பசி கடைசியில் வார்னிஷ்.
அந்தக் காற்றில் அடித்திருக்கவே கூடாது.
மொட்டை மாடி, இரண்டு வீச்சு, அவ்வளவுதான்.
எண்ணி இரண்டு நிமிடத்தில்
அவள் முழுக்க வெண்புகை பூத்துப்போனாள்.
செந்நிறப் போர்வை, கணவாய் நிறம்,
என் நாற்பத்தொரு இரவு,
எல்லாம் சாம்பலில் உருட்டி எடுத்தது போல.
படிக்கட்டில் உட்கார்ந்து
வாய்க்கு வந்ததைத் திட்டினேன்,
காற்றை, கடலை, கடைசியில் இருதயநாதனை.

நள்ளிரவில் தேங்காய் எண்ணெய்.
காது குடையும் பஞ்சுக்குச்சியில்
ஒரு சொட்டுக்கும் குறைவாகத் தொட்டு
தோளில் மெல்ல வைத்துத் தேய்த்தால்
அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது.
பிறகு முழங்கை. பிறகு சாவிகள்,
துருப்பிடித்தது உட்பட.
விடியும்போது அவள் மறுபடி
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நத்தை ஓட்டின் கீழ் விளிம்பில் மட்டும்
ஒரு வெள்ளைத் திட்டு போகவே இல்லை.
எண்ணெய் வைத்தாயிற்று, நகம் வைத்தாயிற்று.
மேலே பூசி மறைக்கலாம்,
நிறமும் மிச்சம் இருந்தது.

தூரிகையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
உப்புதான் அது.
தேவனாம்பட்டினம் வழியாக வந்திருப்பாள்,
அலையை ஒட்டியே.
உப்புப் பட்டும் சாகாத நத்தை.