பனிச்சவட்டையின் தொகை

தம்பலகாமம் தாண்டி
வாய்க்கால் மூன்றாய்ப் பிரிகிற மதகில்
பஸ் நின்றது. நான் மட்டும் இறங்கினேன்.
கழுத்தில் அரசாங்க அட்டை,
கையில் மழையுறை போட்ட டெப்.
முதற் கேள்வி: இந்த வீட்டில் எத்தனை பேர்?

வருமுன் செயலகத்தில்
கறையான் மிச்சம் வைத்த பதிவேட்டைப் புரட்டியிருந்தேன்.
1921. இருநூற்றுப் பதினான்கு.
அந்நாளில் சட்டம் வேறு.
மார்ச் மாதத்து ஓரிரவில்
யார் எங்கே படுத்தாரோ அதுவே அவர் ஊர்.
திருகோணமலைக்கு நெல் ஏற்றிப்போன
மூன்று வண்டிக்காரர்
மாடு நொண்டியதால் மதகடியில் படுத்து
பனிச்சவட்டையார் ஆனார்கள்.
விடியமுன் போய்விட்டார்கள்.
தாளில் இன்னும் படுத்திருக்கிறார்கள்.

அடுத்த தாளில் நூற்று நாற்பது.
காரணம் எழுத அந்தப் பத்தியில் இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் யாரோ:
'கொயினா வந்து சேரவில்லை.'

பிறகு கூப்பன் காலம்.
விதானை உமாபதியாரின் கணக்கில்
ஊர் திடீரென்று கொழுத்தது.
செத்தவர்கள் வரிசை தவறாமல் அரிசி வாங்கினார்கள்.
செங்காரி, வெள்ளச்சி என்ற இரு பெண்பிள்ளைகளுக்கு
கிழமைக்குக் கிழமை சீனி போயிற்று.
இரண்டும் விதானையின் பசுக்கள் என்று
சங்கக்கடை மனேஜர் கண்டுபிடிக்க
நாலு வருடம் பிடித்தது.

சூறாவளி கூரைகளை எண்ணிக்கொண்டு போனது.
எண்பத்தாறில் குளம் உடைந்து
வயலுக்கு மேல் இன்னொரு நிலம் வந்து படிந்தது.
மணலுக்குள் கைவிட்டு
எல்லைக்கல் தேடினார்கள்.
தொண்ணூறில் தேட ஆளில்லை.

முகாமின் நிவாரணப் பட்டியலில்
பனிச்சவட்டை: அறுநூற்றுப் பதினொன்று.
எல்லாத் தாள்களிலும் இதுதான் பெரிய எண்.
அடுத்த ஊர்க்காரரும்
தன் ஊர் சொல்லப் பயந்தவரும்
இந்தப் பெயரைச் சொல்லி மா வாங்கியிருக்கிறார்கள்.
பனிச்சவட்டை அவ்வளவு பெரிதாய் இருந்தபோது
பனிச்சவட்டையில் யானைகள் மட்டும் நடந்தன.

2001இல் எண்ணே இல்லை. ஒரு கோடு.
தட்டெழுத்தாளர்
அதை நேராகத்தான் போட்டிருக்கிறார்.

இன்றைக்கு நாகபூசணி சொன்னாள்:
'மகன் கட்டாரில. ஆனா ராவில போனைச் சுவரில சாத்தி வைச்சு
எங்களோடதான் சாப்பிடுறான். அவனையும் போடுங்கோ.'
டெப் மறுத்தது.
சித்தி மர்ழியா கேட்டாள்:
'வயல் இஞ்ச, வீடு கிண்ணியாவில.
விதைப்புக்கு வாறது, வெட்டினாப் போறது. நாங்க எவடம்?'
அதற்கு ஒரு குறியீடு இருந்தது, பொருந்தவில்லை.
டிங்கிரி மெனிக்கே
ஏக்கரையும் கடனையும் தமிழில் சொல்லிவிட்டு
பிறந்த திகதிகளை மட்டும் சிங்களத்தில் சொன்னாள்.
பூட்டிய வீடொன்றுக்கு 'ஆளில்லை' என்று அழுத்தினேன்.
திரும்பும்போது பார்த்தேன்,
பின்வளவில் வாழைக்குலைக்கு
யாரோ சாக்குக் கட்டியிருந்தார்கள்.

பொழுது சாயக் கூட்டினேன்.
இருநூற்றுப் பதினான்கு.
வீடு வீடாய் மறுபடி கூட்டினேன். அதேதான்.
நூறு வருடம் வந்து போன பிறகும் அதே எண்,
வண்டிக்காரர் மூவர்
எங்கோ உள்ளே இருப்பதுபோல.
யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மதகில் பலகை இறக்கிக்கொண்டிருந்த
வட்டவிதானை கோணலிங்கத்திடம் சொன்னேன்.
அவர் வியக்கவில்லை.
'இருநூற்றிப் பதினாலோ?
அதில மண்வெட்டி பிடிக்கிறது எத்தினை?'
கேள்வி ஐம்பதுக்கு மேல் இருந்தும்
அது என்னிடம் இல்லை.
'புதன்கிழமை வாய்க்கால் துப்புரவு.
எண்பது பேர் வேணும். முப்பத்தெட்டுத்தான் வரும்.'
ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தார்.
தார்ரோட்டில் சிவப்பு விளக்கு இரண்டு
சிறுத்துக்கொண்டே போயின.

'பஸ் போட்டுது, தங்கச்சி.
இனிக் காலமைதான்.
பூசணி வீட்டில படுக்கலாம்.'
பிறகு, கொஞ்சம் யோசித்து:
'உமக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமோ?'