மூன்றரை அடி

கழிவு ஏலத்தில் எடுத்துவந்தான் டென்சில்.
மூன்று சக்கரம், ஒரு நெம்புகோல், ஒருவன் உட்கார இடம்.
இரண்டு சக்கரம் ஒரே தண்டவாளத்தில், முன்னும் பின்னுமாய்.
மூன்றாவது, நீட்டிய மரக்கையின் நுனியில்,
எதிர்த் தண்டவாளத்தைத் தொட்டபடி வரவேண்டும்.

கொருக்குப்பேட்டை கேட்டில்
மீன்பாடி வண்டிமேல் அரைமணி நேரம் கிடந்தது.
நொண்டி சைக்கிள் என்றார் ஒருவர்.
அதன் சொந்தத் தடம் பத்தடி தள்ளி.
கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.

இறக்கினால் போலீஸ் பிடிக்கும்.
எங்களுக்கு வாய்த்ததோ
அத்திப்பட்டு தாண்டி, உப்பு மூட்டை தள்ளும் ட்ராலிப் பாதை.
அகலம் இரண்டே அடி.
ஐந்தரையில் இரண்டு போனால் மூன்றரை.
ரம்பத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.
திரும்பி வந்து,
"வெட்டினா அது அதுவா இருக்குமா?"
"வெட்டாங்காட்டி ஊதுபத்தி கொளுத்திக் கும்புடு."
என் லேத்துக்கு மூன்று மாத வாடகை பாக்கி வைத்தவனிடம்
வேறெப்படிப் பேசுவது?

சக்கர விளிம்பு ஆழம் அதிகம்,
சின்னத் தண்டவாளத்தின் போல்ட்டில் இடித்தது.
வார்ப்பிரும்பைச் சீவினால் சுருள் வராது,
மிளகுத்தூளாய் உதிரும்.
இரண்டு நாள் மூக்குச் சிந்தியதெல்லாம் கறுப்பு.

ஞாயிறு விடிகாலை.
நேர்ப்பாதையில் நாற்பதடி, ராஜா மாதிரி போனான்.
வளைவில் மூன்றாம் சக்கரம் காற்றில்,
டென்சில் உப்புத்தண்ணீரில்.

நீளம் பார்த்த வேலையை
இனி பாரம்தான் பார்க்கவேண்டும்.
வியாசர்பாடி பாக்சிங் கிளப்பில் இரவல் வாங்கி
பத்துகிலோ தட்டு இரண்டைக் கையில் கட்டினோம்.
அப்போதும் லேசாக எழும்பியது,
பேச வாய் எடுத்து விட்டுவிடுவது போல.

தலை துவட்டிக்கொண்டே சொன்னான்:
"நீ உக்காரேன்."
"எங்க?"
"கைமேல."
அறுபத்தெட்டு கிலோ.
என் எடையை இத்தனை மரியாதையாய்
இதுவரை யாரும் கேட்டதில்லை.

பலகை போட்டு உட்கார்ந்தேன்.
அவன் இழுக்க, தள்ள, இழுக்க,
உப்புக்குவியல்கள் பின்னால் போயின.
எண்ணூர்ப் புகைபோக்கிகள் மட்டும் அங்கேயே நின்றன.
வளைவு வந்தது.
எனக்குக் கீழே சக்கரம்
தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு முனகியது.
வாடகையைக் கேட்க அதுதான் சமயம்.
நான் எழுந்தால் அவன் கவிழ்வான்,
அவனுக்கும் தெரியும்.
கேட்கவில்லை. காற்று நன்றாயிருந்தது.

வெட்டிய மூன்றரை அடி
லேத்துக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.
தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறான்.
இருக்கட்டும்.
பாக்கியை அதில்தான்
சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன்.