கீழ் ஓஸ்

சோமனூருக்குள் ஓட்டினால் ஒன்றுமில்லை.
சந்தைக்கு, ரேஷனுக்கு, ரயில்வே கேட் வரைக்கும்
நல்ல பிள்ளையாகப் போய்வரும்.
நாலுவழிச் சாலையில் ஏறி
அறுபதைத் தாண்டினால்தான் வினை:
தெக்கலூர் வருவதற்குள்
முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

மூடிய மில்லின் ஏலத்தில் எடுத்த வண்டி.
மார்க் டூ அம்பாசிடர், மோர் நிறம்.
சாயப்பட்டறை ஆய்வகத்தில்
நாளெல்லாம் டிகிரி பார்க்கிறவள் நான்.
அறுபதில் கறுப்பு ஏறும், எண்பதில் மயில்நீலம்.
எந்த வெந்நீரும் என் சொல் கேட்கும்.
இது கேட்கவில்லை.

ரேடியேட்டரிலிருந்து வழிந்த தண்ணீருக்கு
எங்கள் ஷேட் கார்டில் ஓர் எண் உண்டு.
போன தீபாவளிக்கு ஒரு ஜெர்மன் கம்பெனி
அதே துருவைத்தான் விரும்பிக் கேட்டது,
பனியனுக்கு.

மூடியை மாற்றினேன்.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
பால் குண்டாவில் போட்டுக் காய்ச்சினேன்.
எண்பத்திரண்டில் வாயைத் திறந்தது, குற்றமில்லை.
பெல்ட் புதிது. பம்ப் ஒழுகவில்லை.
எண்ணெயில் வெண்மை இல்லை, ஆகவே
கேஸ்கட்டும் நிரபராதி.
பல்லடத்து மெக்கானிக் காளியண்ணன் போனில் சொன்னான்:
"ஏனுங்க்கா, வித்துப்போட்டு நிம்மதியா இருங்கொ."

வாசலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி,
அரைமணி நேரம் குனிந்து பார்த்தேன்.
நின்ற இடத்தில் ஓடும்போது எல்லாமே யோக்கியம்.
வேகத்தில் என்ன செய்கிறதென்று பார்க்க
இரண்டு பேர் வேண்டும்.
ஒருத்தர் மிதிக்க, ஒருத்தர் குனிய.

ஞாயிற்றுக்கிழமை.
தெருவில் அர்த்தநாரி மட்டும் நின்றிருந்தார்.
பக்கத்து ஷெட்டுக்காரர். பதினாறு தறி.
ராத்திரியில் ஓட்டக்கூடாதென்று
கலெக்டர் ஆபீசில் நான் கொடுத்த மனுவுக்கு
இரண்டு வருஷமாக ஒரு வார்த்தையும் பதில் சொல்லாதவர்.
அன்றைக்குக் கரண்டு இல்லை, தறிகள் ஊமையாகக் கிடந்தன.
இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டேன்.
கேட்டேன் என்றும் சொல்ல முடியாது.
ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.
பானெட் எங்களுக்கு நடுவே சுவராக நின்றது.
அதனால் பேச முடிந்தது.

"மிதிங்க."
"போதுங்களா?"
"இன்னும்."
"நெம்ப வெசையாப் போகுதுங்..."
"இன்னும்!"

அப்போதுதான் கண்டேன்.
ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற ரப்பர்க் குழாய்
உறிஞ்சுகிற உறிஞ்சலில் கன்னம் ஒட்டி,
தீர்ந்துபோன இளநீரில் ஸ்ட்ரா மாதிரி
தட்டையானது.
காலை எடுத்தார், உப்பியது.
மிதித்தார், ஒட்டியது.
உள்ளே தாங்கிக்கொண்டிருந்த சுருள்கம்பி
என்றைக்கோ துருவாகி
அந்த ஜெர்மன் நிறமாகக் கரைந்துபோயிருக்கிறது.

இடம் மாறினோம். நான் மிதித்தேன், அவர் குனிந்தார்.
"அட!" என்றார் பானெட்டுக்கு அப்பாலிருந்து,
பதினாறில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று
காதாலேயே கண்டுபிடித்தவர் குரலில்.

ஷெட்டுக்குள் போய்
பழைய தறி ஸ்பிரிங் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார்.
எண்ணெய்ப் பிசுக்கு. விரல் பருமன்.
குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம்.
கிலுகிலுப்பை மாதிரி ஆடியது.
"இருக்கட்டுங்," என்று என் கையில் வைத்துவிட்டு
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.
கரண்டு வந்திருந்தது.

புதன்கிழமை உக்கடத்தில்
கம்பி வைத்த ஓஸ் கிடைத்தது, நானூற்றி இருபது ரூபாய்.
இரண்டு கிளிப், ஒரு மணி நேரம்,
தோல் வழண்ட ஒரு விரல்முட்டி.

தெக்கலூர் தாண்டி, அவிநாசியும் தாண்டி,
எழுபத்தைந்திலும் முள் நடுவிலேயே நிற்கிறது.
மனுவை நான் திரும்ப வாங்கவில்லை.
ராத்திரித் தறியை அவரும் நிறுத்தவில்லை.
டேஷ்போர்டு அறைக்குள் அந்த ஸ்பிரிங்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கிறது,
பள்ளத்துக்கு ஒரு சத்தம், வளைவுக்கு ஒரு சத்தம்.
எடுத்துப்போட இன்னும் நேரம் கிடைக்கவில்லை.